பாலத்தடியில் இரண்டு வாங்கு



கதிர்காமப் பாதயாத்திரை பற்றிப் பேசும்படி சங்கத்தார் கேட்டார்கள். பக்திச் சொற்பொழிவு எங்களுக்கு வராது. ஒரே வகுப்பில் படித்த நால்வர் நடந்தோம். இருவர் வைத்தியர்கள், ஒருவர் ஆசிரியை, ஒருவர் வங்கியில். எனவே நாங்கள் கால்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சாம்பல்தீவில் பிறந்தவர்களுக்கு யாத்திரிகர் புதியவர்கள் அல்லர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலைத் தூக்கிக்கொண்டு புறப்படுபவர்கள் வற்றாப்பளை, கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று கரையோரமாகவே வந்து எங்கள் பாலத்தைக் கடந்து கோணேசர் சந்நிதிக்குப் போவார்கள். பிறகு மூதூர், வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில், உகந்தை. அங்கிருந்து காடு. எல்லாமாக 500 கிலோமீற்றருக்கு மேல். 1983இல் யுத்தத்தால் தடைப்பட்ட இந்த நடை 1988இல் மறுபடி தொடங்கியது. ஆனாலும் எங்கள் பள்ளிக்காலத்தில் அது அம்மம்மாமார் சொன்ன கதையாகவே இருந்தது. வெருகலாற்றைப் பாதையில் கடந்த கதை, காட்டில் யானைக்கு வழிவிட்ட கதை. (வெளியூர்த் தோழிகளுக்காக: எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் ஆற்றைக் கடக்கும் மிதவை. இன்றைக்கும் குருமண்வெளியில் பாதை ஏறித்தான் மண்டூருக்குப் போனோம்.)

ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் தோழி ஒருத்தி இத்தாலியின் மலையூர்கள் வழியாக உரோமாபுரிக்குப் போகும் பழைய யாத்திரைப் பாதையில் ஒரு வாரம் நடந்தவள். கன்ரபரிப் பேராயர் சிகெரிக் ஏறத்தாழ 990ஆம் ஆண்டில் அந்த வழியால் திரும்பியபோது, தங்கிய இடங்களை எழுதிவைத்தாராம். அங்கே யாத்திரிகர் ஒரு கடவுச்சீட்டு வைத்திருப்பார்கள். ஊருக்கு ஊர் முத்திரை குத்துவார்கள். “உங்கள் யாத்திரையில் என்ன முத்திரை?” என்று கேட்டாள். எங்களிடம் இருந்தது உள்ளங்காலில் விழுந்த கொப்புளம் ஒன்றுதான்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. ஆனி, ஆடியில் கிழக்கில் கச்சான் காற்று வீசும். பதினொரு மணிக்குத் தார் வீதி தோசைக்கல். அதனால் விடிய நாலு மணிக்கே நடக்கத் தொடங்கி, வெயில் ஏறமுன் ஒரு கோயிலடியில் ஒதுங்குவோம். பெரும்பாலானோர் வெறுங்கால். ஊருக்கு ஊர் மோரும் அன்னதானமும் உண்டு. இரவில் மடத்துத் திண்ணையில் நாங்கள் வைத்தியர்கள் என்று தெரிந்துவிட்டால் கால்கள் வரிசையாக நீளும். பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். பலருக்கு நீரிழிவு. குளிசைகளை ஒரு சொப்பிங் பையில் முடிந்து, “சாமியிட்டப் போறன், இனி ஏன் மருந்து” என்று நிறுத்தியவர்களும் இருந்தார்கள்.

நீரிழிவு பல வருடம் இருந்தால் பாத நரம்பு மரத்துப்போகும். சூடு தெரியாது, முள் தெரியாது. நோவு ஒரு காவல். அது இல்லாத கால் நடந்துகொண்டே இருக்கும்.

உகந்தையில் அப்படி ஒருவரைக் கண்டோம். அறுபத்தைந்து வயது இருக்கும். வடக்கிலிருந்து நடந்து வந்தவர். காட்டு வாசல் திறந்து இரண்டாம் நாள். உள்ளே போனால் கூமுனை, கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று ஐந்தாறு நாள். வீதியும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. கால் கழுவ உட்கார்ந்தபோது சின்னவிரலுக்குக் கீழே மஞ்சளாக ஒரு பொட்டு. அழுத்தினோம். சீழ் வந்தது, பின்னால் ஒரு முள் வந்தது.

“நோகேல்லையா அம்மா?”

“இல்லைப் பிள்ளை. நொந்தாத்தானே பாக்கிறது.”

முள் ஏறி ஒரு கிழமையாவது இருக்கும். பாதம் சிவந்து, சூடு கணுக்கால்வரை ஏறியிருந்தது. காட்டுக்குள் போகக்கூடாது என்றோம். அழவில்லை, கோபித்தார். மகனுக்காக வைத்த நேர்த்தி, பதினைந்து வருடம் வழி திறக்கக் காத்திருந்தவர், நாங்கள் யார் மறிக்க? எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆசிரியைத் தோழி, “அவ நடக்கத்தான் வந்தவ, பிழைக்க இல்லை” என்றாள். அந்த வாக்கியத்துக்கு எங்களிடம் இன்றுவரை சரியான பதில் இல்லை. ஆனால் காலைப் பார்த்தபிறகு வைத்தியருக்கு வேறு வழி கிடையாது. ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் நேர்த்திக் காசு முடிந்த மஞ்சள் துணியை அவர் தன் குழுவில் இருந்த ஒரு பெண்பிள்ளையின் கையில் வைத்தார். எங்களில் ஒருத்தி யாத்திரையை அங்கேயே விட்டு அவருடன் பொத்துவிலுக்கு வாகனம் ஏறினாள். அவருடைய சின்னவிரல் போயிற்று. கால் இருக்கிறது.

மற்ற மூவரும் காட்டைக் கடந்தோம். மாணிக்க கங்கையில் முழுகியதைப் பற்றித் தனியே ஒரு பேச்சுப் பேசலாம், இன்று வேண்டாம்.

நாங்கள் கணக்குப் பார்த்தோம். அந்த அம்மா நிலாவெளி வீதியால் எங்கள் பாலத்தைக் கடந்துதான் வந்திருக்கிறார். நாங்கள் அவர்களுக்கு மோர் கொடுக்கிறோம், சோறு கொடுக்கிறோம், காலைத் தொட்டுக் கும்பிடவும் செய்கிறோம். ஒருவரும் அந்தக் காலைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பதில்லை.

ஆகவே நூற்றாண்டுச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. வருகிற யாத்திரைக் குழுக்கள் கடக்கும் நாட்களில் சாம்பல்தீவுப் பாலத்தடியில் ஒரு கொட்டகை வேண்டும். இரண்டு வாங்கு, ஆறு பேசின், துவாய், கட்டுத்துணி, ஜீவனிப் பைக்கற், சீனி பார்க்கும் கருவியும் அதற்கான பட்டிகளும், தன் உள்ளங்காலைத் தானே பார்க்க ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னக் கண்ணாடி. உணர்ச்சி பார்க்கும் 10 கிராம் நைலோன் இழையை வெளிநாட்டுச் சகோதரிகள் அனுப்பலாம். கடித உறைக்குள் அடங்கும். மருந்து நிறுத்தியவர்களுடன் பேச வயதில் மூத்தவர்கள் தேவை, எங்கள் சொல்லை விட உங்கள் சொல் எடுபடும். வைத்தியர், தாதியர் மட்டும் என்றில்லை. கால் கழுவிவிட யாராலும் முடியும்.

விடிய நாலரைக்கே முதற்குழு வந்துவிடும். பெயர் தர விரும்புகிறவர்கள் மண்டப வாசலில் உள்ள கொப்பியில் எழுதுங்கள். தேத்தண்ணி எங்கள் வகுப்பின் பொறுப்பு.