பலேங்கே: கல்லறைமேல் எழுந்த கோயில்

இன்று நாம் போகும் இடம் மெக்சிகோவின் தெற்கே, சியாபாஸ் மாநிலத்திலுள்ள பலேங்கே. மாயர்கள் கட்டிய நகரம். ஒருபுறம் காடு மண்டிய மலை, மறுபுறம் கண்ணுக்கெட்டிய தூரம் சமவெளி. மரங்களுக்குள்ளிருந்து வரும் சத்தத்தைப் புலி உறுமுவதாக எண்ணிப் பயந்துவிடாதீர்கள். ஹௌலர் குரங்குகள்தான் அவை. ஆள் சிறிது, தொண்டை பெரிது.

நுழைந்ததும் வலப்பக்கம் அடுக்கடுக்காக உயரும் கல்மேடை, அதன் உச்சியில் ஐந்து வாசல் கொண்ட கோயில். உள்ளே பலகைக்கற்களில் நீண்ட மாயன் எழுத்துகள் இருப்பதால் 'கல்வெட்டுக் கோயில்' என்று பெயர். வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து உச்சியைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கோயிலின் விஷயமெல்லாம் அடியில் இருக்கிறது.

1940களின் இறுதியில் ஆல்பெர்ட்டோ ரூஸ் என்ற தொல்லியலாளர், கோயில் தரையிலிருந்த ஒரு பலகைக்கல்லில் துளைகள் இருப்பதைக் கவனித்தார். சுவர்களும் தரையோடு நிற்காமல் கீழே இறங்கின. கல்லைத் தூக்கினால் படிக்கட்டு. மேல்வரை கல்லும் மண்ணும் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. அதை அள்ளி முடிக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1952இல் அடியிலிருந்த கல்லறை திறந்தது. உள்ளே இருந்தவர் மன்னர் பகால். 615இல், 12 வயதில் பட்டமேறி, 683இல் இறக்கும்வரை ஆண்டவர். உடல்மேல் சாதிலிங்கச் சிவப்பு, முகத்தில் பச்சை ஜேட் கற்களை ஒட்டிச் செய்த முகமூடி.

அவர் உடலை வைத்திருந்த கல்பேழையின் மூடி ஒரே கல். நீளம் ஏறத்தாழ 3.8 மீட்டர். அது அந்தக் குறுகிய படிக்கட்டில் இறங்கவே இறங்காது. அப்படியானால் பேழையை முதலில் வைத்து, அதற்குமேல்தான் இத்தனை பெரிய மேடையையும் கோயிலையும் எழுப்பியிருக்கிறார்கள்.

மூடியில் செதுக்கியிருப்பது பாதாளத்தின் வாயருகே சாய்ந்திருக்கும் மன்னர். அவருக்குமேல் உலக மரம், அதன் உச்சியில் பறவை. எரிக் ஃபான் டேனிக்கன் என்ற எழுத்தாளர் 1968இல் இதைப் பார்த்து, ராக்கெட் ஓட்டும் விண்வெளி வீரர் என்று எழுதினார். புத்தகம் நன்றாக விற்றது. உளிபிடித்த மாயனுக்குத்தான் பேர் போயிற்று. பேழையின் பக்கங்களைப் பார்த்தாலே சங்கதி தெரிந்துவிடும். பகாலின் முன்னோர்கள் மரங்களோடு மண்ணைப் பிளந்து முளைத்து வருகிறார்கள். தாயார் கொக்கோ மரத்தோடு வருகிறார். மற்றவர்களில் ஒருவருக்கு அவகாடோ, இன்னொருவருக்குக் கொய்யா. நம் கொல்லைக் கொய்யாவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே.

வெளியே, வாசல்களுக்கு இடையிலுள்ள தூண்களில் சுதைச் சிற்பங்கள். சுதை உதிர்ந்த இடங்களில் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: சிற்பி முதலில் வெற்றுடம்பை முழுமையாக வடித்திருக்கிறார். பிறகு அதன்மேல் உடையை, அதற்கும்மேல் நகையை ஒவ்வொன்றாகச் சாத்தியிருக்கிறார். யாரும் பார்க்கப்போகாத உடம்புக்கு அவ்வளவு வேலை!

எதிரே அரண்மனை. மாயர்கள் கூரை போட்ட முறை தனி. இரண்டு சுவர்களையும் மேலே போகப் போகக் கல்கல்லாக உள்ளே நீட்டி, கடைசி இடைவெளியை ஒரு மூடுகல்லால் அடைப்பார்கள். இதில் அறை அகலமாக வராது, சுவரும் கனமாக வேண்டும். பலேங்கேக்காரர்கள் இரண்டு கூரைகளைப் பொதுவான ஒரு நடுச்சுவரில் சாய்த்தார்கள். பாரத்தை அந்தச் சுவர் வாங்கிக்கொண்டதால் வெளிச்சுவரை மெலிதாக்கி வாசல்களைப் பெரிதாக்க முடிந்தது. மற்ற மாயன் நகரங்களின் இருட்டறைகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால், காற்றும் வெளிச்சமும் நுழைவது உடனே தெரியும். என் கணக்கில் பலேங்கேயின் முதல் பெருமை இதுதான். அரண்மனையின் நான்கடுக்குக் கோபுரமும், ஒட்டுலும் என்னும் ஓடையைக் கல்மூடி ஓடவிட்ட வாய்க்காலும் அதற்கு அடுத்தபடிதான்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்லறைக்குள் இப்போது பொதுமக்களை விடுவதில்லை. அங்குள்ள அருங்காட்சியகத்தில் பேழையின் நகலை நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். ஜேட் முகமூடி மெக்சிகோ நகரத் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1985 கிறிஸ்துமஸ் சமயத்தில் திருடுபோய், 1989இல் மீட்கப்பட்டது. புழுக்கம் அதிகமான ஊர், காலையிலேயே போய்விடுங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ள மறக்காதீர்கள்.