முதுகு நோவுக்கு யாரிடம் போவது?

(சவளக்கடையில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தோழர்களே, தாய்மாரே,

கரும்பு வெட்டுகிறவரும் கொழுந்துக் கூடை சுமக்கிறவரும் ஒரே நோவைத்தான் சொல்கிறார்கள். இடுப்பில் தொடங்கித் தொடை வழியாகப் பாதம் வரை இழுக்கிறது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் இப்படி வரும். யாரிடம் போவதென்று தெரியாமல் அலைவதிலேயே நமது நாட்கூலி கரைகிறது.

முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவோம். கல்முனையில் வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கின்றன. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, எந்த நிபுணரின் கிளினிக்குக்குப் போக வேண்டும் என்று கேட்டுக் கடிதம் வாங்குங்கள். விழுந்து அடிபட்டதென்றால் எலும்பு முறிவு நிபுணர். கால் விறைத்துப் பலம் குறைந்தால் நரம்பியல் நிபுணர். காலையில் நெடுநேரம் முதுகு இறுகி, நடமாட இலகுவானால் வாதநோய் நிபுணர். தேவைப்பட்டால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு எழுதித் தரும்படி கேளுங்கள்.

விஷயம் தெரிந்த வைத்தியரை எப்படி அறிவது? அவர் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்பார். படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பார்ப்பார். பாதத்தின் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிப்பார். அதன் பிறகுதான் ஸ்கேன் தேவையா என்று சொல்வார். தட்டு பிதுங்கிய நோவு பெரும்பாலும் சில வாரங்களில், சத்திரசிகிச்சை இல்லாமலே தணியும். ஆகவே முதல் நாளே கத்தி வைக்கச் சொன்னால், இன்னொரு நிபுணரிடமும் கேளுங்கள்.

ஆனால் சிறுநீர் அடைபட்டாலோ, மலசலம் அறியாமல் போனாலோ, இரு தொடைகளுக்கும் இடையில் உணர்ச்சி மறைந்தாலோ, கால் திடீரெனத் தளர்ந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். இதில் தாமதித்தால் நிரந்தரமாக முடங்க நேரிடலாம்.

வேலைத்தலத்தில் விழுந்தால் அன்றே நிருவாகத்துக்கு அறிவியுங்கள். வேலையாட்களுக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. அதற்குச் சான்று வேண்டும். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு ஒன்றையும் வீசாதீர்கள். நோவு தொடங்கிய நாளையும் அது பரவும் விதத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். தனியாகப் போகப் பயமென்றால் சங்கக் கிளையில் சொல்லுங்கள். துணைக்கு ஒருவர் வருவார்.

உழைத்து நொந்த முதுகு இது. வைத்தியம் கேட்க வெட்கப்படத் தேவையில்லை.