திரைக்குப் பின்னால் ஒலிக்கும் குரல்



குடியரசு தினத்தன்று தில்லியில் நடைபெறும் அணிவகுப்பைத் தூர்தர்ஷன் நேரடியாக ஒளிபரப்புகிறது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம், சென்னையிலுள்ள சுற்றத்தாரோடு ஏறக்குறைய ஒரே வேளையில் அதைக் காண்கிறோம். இத்தகைய நேரடி ஒளிபரப்பு எதுவாயினும், அதன் பின்னால் நம் செவிக்கு எட்டாத ஒரு பேச்சு ஓயாது நடந்துகொண்டேயிருக்கும். "இரண்டாம் காமிரா, தயாராகுக" என்று டைரக்டர் ஆணையிடுவார். காமிராக்காரர் மறுமொழி கூறுவார். இப்பேச்சைச் சுமப்பதே இன்டர்காம் என்னும் சாதனம். அணிவகுப்பு இருமுறை நடவாது. ஆதலால் ஆணை ஒரு கணம் பிந்தினாலும் போன காட்சி போனதே.

அண்மையில் இருப்போருக்குச் செம்புக் கம்பியே போதும். 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய கிளியர்காம் முறையை நோக்குவோம். அதில் சாதாரண மைக் கேபிள் ஒன்றே மூன்று பணிகளைச் செய்கிறது: பேச்சைக் கொண்டு செல்கிறது, இடுப்பில் மாட்டும் பெட்டிக்கு 30 வோல்ட் மின்சாரம் அளிக்கிறது, அழைப்பு விளக்கையும் எரியச் செய்கிறது.

ஆனால், கம்பி நீள நீள மின்னழுத்தம் குறைகிறது. அருகே ஓடும் மின்கம்பிகளின் இரைச்சலும் வந்து கலக்கிறது. ஆகவே தொலைவுக்குக் கண்ணாடி இழையை நாடுகிறோம். அதனுள் ஒளியாகச் செல்லும் பேச்சை அந்த இரைச்சல் தீண்டுவதில்லை. எனினும் கண்ணாடியில் மின்சாரம் பாயாது. மறுமுனையில் பெட்டிக்கு வேறு மின்சாரம் தரவேண்டும். அழைப்பு விளக்கின் சைகையையும் தனியே மாற்றி அனுப்பி, அங்கே மீட்டுத் தரவேண்டும். இதை மறந்தால், ஹெட்செட்டைக் கழற்றி வைத்தவரை அழைக்க வழியே இராது.

இன்னொன்றும் உண்டு. அந்தச் செம்புக் கம்பியில் போகும் பேச்சும் வரும் பேச்சும் ஒரே பாதையில் செல்கின்றன. தொலைவுக்கு அனுப்புகையில் அவற்றை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பிரிப்பது செம்மையாக இல்லாவிடில், நாம் பேசியது சற்றுப் பிந்தி நம் காதுக்கே எதிரொலியாகத் திரும்பும். தன் குரலையே பிந்திக் கேட்பவர் நாத் தடுமாறுவார்.

இனி, காலத்தைக் கணக்கிடுவோம். இழையினுள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். தில்லிக்கும் சென்னைக்கும் இருப்புப்பாதை வழியே சுமார் 2,200 கிலோமீட்டர். அவ்வளவு நீளமுள்ள இழையைக் கடக்க, ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால், அதில் 11 கூறே போதும். தாமதம் பெரும்பாலும் தொலைவால் அன்று, நெட்வொர்க்கினால் விளைவது. 2013இல் வெளியான ஏஇஎஸ்67 என்னும் விதிமுறைப்படி, குரலை விநாடிக்கு 48,000 முறை அளந்து, 48 அளவுகளை ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புவது வழக்கம். ஊரிலிருந்து நாள்தோறும் ஒரு கடிதம் போட்டாலும், ஒருநாள் ஒன்றும் வராமல் மறுநாள் இரண்டு சேர்ந்து வருவதை நாம் அறிவோம். பொட்டலங்களும் அவ்வாறே வரக்கூடும். அவற்றை ஒழுங்குபடுத்தப் பெறுமிடத்தில் சிறிது காத்திருக்கிறார்கள். காத்திருப்பு மிகக் குறைந்தால் சொற்கள் உதிரும். மிகுந்தால் ஆணை பிந்தும். இவ்விரண்டிற்கும் நடுவே அளவறிந்து நிற்பதே பொறியாளரின் திறமை.

ஆகவே, குரல் கேட்கிறது என்பதோடு மனநிறைவு கொள்ளலாகாது. மின்சாரம் உண்டா, விளக்கு எரிகிறதா, எதிரொலி அடங்கியதா, மறுமொழி காலத்தே வருகிறதா என்ற நான்கையும் நிகழ்ச்சிக்கு முன்பே சோதித்தல் வேண்டும். ஓர் இழை அறுந்தால் உதவ, வேறு வழியே செல்லும் மற்றோர் இழையும் இருத்தல் நலம். தொலைவில் வாழும் நமக்கு இது புதிய பாடமன்று: சொல் போய்ச் சேர்ந்தது என்பதற்கு மறுமொழி ஒன்றே சான்று.