நற்சான்றும் விலைக்கு வாங்கிய சான்றும்

(ஆண்டு விழாவில் நன்கொடையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இணையத்தில் தேடும்போது ஒரு கடை முன்னே வருவதும் பின்னே போவதும் எதனால் என்று பேசும்படி பணித்தார்கள். நான் கணினி படித்தவன் அல்லன். கிள்ளானில் பித்தளை விளக்கு விற்பவன். பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நான் வளர்ந்த தோட்டத்தில், வேலை தேடிப் போகிறவர்கள் தலைமையாசிரியரிடம் நற்சான்று வாங்கிச் செல்வார்கள். பத்துப் பேர் சொல்வதை விட அவர் எழுதும் நான்கு வரிக்கு மதிப்பு அதிகம். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த மதிப்பு நிலைத்திருக்குமா?

இந்த நியாயத்தைத்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக மாணவர்களான லேரி பேஜும் செர்கே பிரினும் 1996இல் கணக்காக்க முனைந்தார்கள். 1998இல் கூகுள் நிறுவனம் பிறந்தது. அதற்கு முன்பிருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்திலுள்ள சொற்களையே பார்த்தன. இவர்களோ, அந்தப் பக்கத்திற்கு வேறு எந்தப் பக்கங்கள் இணைப்புத் தருகின்றன என்று பார்த்தார்கள். ஒவ்வோர் இணைப்பும் ஒரு சான்று. மதிப்புள்ள பக்கம் தரும் சான்றுக்கு எடை கூடுதல். அப்பக்கம் மூவருக்கு இணைப்புத் தந்தால் எடை மூன்றாகப் பிரியும். முந்நூறு பேருக்குத் தந்தால் முந்நூறாகப் பிரியும். இதற்கு ‘பேஜ்ரேங்க்’ என்று பெயர்.

இது தெரியாமல் 2011இல் ஒருவரிடம் 2,000 வெள்ளி கொடுத்து, நூற்றுக்கணக்கான இணைப்புகளை விலைக்கு வாங்கினேன். சில மாதங்கள் என் கடை முதல் வரிசையில் நின்றது. 2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து, இப்படிப்பட்ட போலி இணைப்புகளால் உயர்ந்த பக்கங்களைக் கீழே தள்ளியது. என் கடையைத் தேடியவர்களுக்கு அது தென்படவில்லை. அந்தத் தீபாவளிக்கு என் பணியாளர் இருவருக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடியாமல் தலைகுனிந்து நின்றேன். தவறு என்னுடையது, தண்டனை அவர்களுக்கு.

பிறகு ஒவ்வொரு தளத்திற்கும் எழுதி, அந்த இணைப்புகளை நீக்கக் கேட்டேன். பதில் வராதவற்றை, ‘இவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம்’ என்று கூகுளுக்குப் பட்டியலிட்டுக் கொடுத்தேன். குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் முறையை என் மனைவி படத்துடன் எழுதினார். அது பயன்பட்டதால் சமையல் தளங்கள் சில தாமாகவே இணைப்புத் தந்தன. மீண்டுவர இரண்டாண்டு ஆயிற்று.

இன்று கூகுள் வேறு பலவற்றையும் சேர்த்தே எடைபோடுகிறது. ஆயினும் இணைப்பின் மதிப்பு போய்விடவில்லை.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நன்கொடை தந்தவர்களின் கடைகளுக்கு நம் தளத்தில் இணைப்புத் தருகிறோம். பணம் பெற்றுத் தரும் இணைப்புக்கு ‘ஸ்பான்சர்ட்’ என்று குறியிட 2019 முதல் வழி இருக்கிறது. அந்தக் குறியை என் கடையின் இணைப்பிலிருந்தே தொடங்குங்கள். நான் கொடுத்தது காணிக்கை. அதற்கு ஈடாக எனக்குச் சான்று வேண்டாம்.