எரிந்த ஏடுகள்



போன வாரம் பாடம் முடிந்ததும் ஓர் அக்கா கேட்டார்: "வெள்ளைக்காரர் நாட்டில் அந்தக் காலத்திலேயே எல்லோரும் படித்தவர்களா?" இல்லை அக்கா. அந்தக் கதையை இன்று சொல்கிறேன்.

சுமார் 650 ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்து. ஊர் நிலம் பிரபுவின் கையில் இருந்தது. உழுதவர்களில் பலர் பண்ணை அடிமைகள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் வயலில் கூலி இல்லாமல் உழைக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது. மகளுக்குக் கல்யாணம் என்றால் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். வீட்டுப் பெரியவர் இறந்தால், தொழுவத்தில் உள்ள நல்ல மாடு பிரபுவுக்குப் போய்விடும்.

மகனைப் பள்ளிக்கு அனுப்பவும் அனுமதி வேண்டும். கேட்காமல் அனுப்பினால் அபராதம். ஏன் தெரியுமா? படித்த பையன் பாதிரியார் ஆகிவிடுவான். பண்ணைக்கு ஓர் ஆள் குறையும்!

யார் அடிமை, யார் என்ன கட்ட வேண்டும் என்பதெல்லாம் தோல் ஏடுகளில் இருந்தன. லத்தீன் மொழியில் எழுதியிருந்தார்கள். உழுதவர்களுக்கு அது புரியாது.

1348-இல் கொள்ளை நோய் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மக்கள் இறந்தார்கள். வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. மிஞ்சியவர்கள் அதிகக் கூலி கேட்டார்கள். உடனே அரசு சட்டம் போட்டது: நோய்க்கு முன் இருந்த கூலிதான்! பிறகு தலைவரியும் வந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தலைக்கு 12 பென்னி.

மக்கள் பொறுக்கவில்லை. 1381-இல் எஸ்ஸெக்ஸ், கென்ட் பகுதிகளில் கிளர்ந்து எழுந்தார்கள். வாட் டைலர் என்பவர் தலைமை தாங்கினார். பல ஊர்களில் பண்ணை ஏடுகளைத் தீயில் போட்டார்கள். படிக்கத் தெரியாதவர்கள்தான். ஆனால் தங்களைக் கட்டிப் போட்டது எழுத்துதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரசர் இரண்டாம் ரிச்சர்டுக்கு அப்போது வயது 14. "இனி நீங்கள் அடிமைகள் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் வாட் டைலர் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் எழுதிக் கொடுத்ததும் ரத்தானது.

பத்து ஆண்டு கழித்து, 1391-இல், அடிமைகளின் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதைத் தடுக்கும்படி நாடாளுமன்றம் கேட்டது. அரசர் ஏற்கவில்லை. 1406-இல் ஒரு சட்டம் வந்தது. எந்த நிலையில் உள்ளவரும் மகனையோ மகளையோ விரும்பிய பள்ளியில் சேர்க்கலாம் என்றது அது. பள்ளிக்கூடம் கட்டித் தரவில்லை. ஆனால் தடை போனது. பண்ணை அடிமை முறையும் மெல்ல மெல்ல மறைந்தது.

இதை நான் ஏன் சொல்கிறேன்? என் தாத்தா ஒரு கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று நிலம் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

நாம் ஏடுகளை எரிக்க வேண்டாம். படிப்போம். புரியாவிட்டால் கேட்போம். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவோம்.

அடுத்த வாரம் வரும்போது வீட்டில் உள்ள ஒரு காகிதத்தை எடுத்து வாருங்கள். பட்டாவோ, ரேஷன் அட்டையோ, கடன் சீட்டோ, எதுவானாலும் சரி. சேர்ந்து படிப்போம்.