இல்லத்தில் ஓர் உழவாரம்



மார்கழித் திருவாதிரைப் பெருநாளில் மாத்தூர்த் திருக்கோயிலில் நாம் கூடியிருக்கின்றோம். வைகறையில் ஆடவல்லானின் திருமுழுக்குக் கண்டோம். திருவாதிரைக் களியும் பெற்றோம். இம்மாதத்தின் கடைசி நாள் போகி. அன்று வீட்டிலுள்ள பழையன யாவும் தெருவுக்கு வரும். ஆண்டு முழுவதும் சேர்த்து வைத்து ஒரே நாளில் எரிப்பதைக் காட்டிலும், நாள்தோறும் சிறிது சிறிதாக இல்லத்தை எளிமையாக்குவது எங்ஙனம் என்பதை இன்று நாம் சிந்திப்போம்.

இது இல்லத்தரசியர்க்கு மட்டும் உரிய செய்தி, இதற்கும் சமயச் சொற்பொழிவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு, அதைக் கூத்தப்பெருமானின் திருமேனியே காட்டுகின்றது. துடி ஏந்திய கையில் படைத்தல். அமைத்த கையில் காத்தல். அனல் ஏந்திய கையில் அழித்தல். ஊன்றிய திருவடியில் மறைத்தல். தூக்கிய திருவடியில் அருளல். இறைவன் செய்யும் தொழில் ஐந்து. அவற்றுள் அழித்தலைச் சைவ நூலோர் கொடுந்தொழிலாகக் கருதினார் அல்லர். பிறந்தும் இறந்தும் களைத்த உயிர்கள் இளைப்பாறுதற்பொருட்டுச் செய்யும் கருணை அது என்றே கூறினர்.

நம் இல்லங்களில் எத்தனை தொழில்கள் நடைபெறுகின்றன? வாங்குகின்றோம், அது படைத்தல். வாங்கியதை வைத்துக் காக்கின்றோம். இடம் போதாதபோது கட்டிலின் கீழும் பரணின் மேலும் தள்ளி மறைத்தலும் செய்கின்றோம்! மூன்று தொழிலோடு நின்றுவிட்டோம். ஒழித்தலும் இல்லை, பிறர்க்கு எடுத்து அருளலும் இல்லை. இறைவன் ஐந்தொழில் செய்வதால் உலகம் சீராக நடக்கின்றது. நாம் மூன்றோடு நிற்பதால் வீடு மூச்சுத் திணறுகின்றது.

மிகுதியாகச் சேர்த்துவைப்பதில் என்ன கேடு என்பாருமுண்டு. நம் ஊருக்கு அண்மையில் நடந்த ஒன்றை நினைவுகூர்வோம். 2015ஆம் ஆண்டில் சுங்கத்துறையினர் கைப்பற்றிய அம்மோனியம் நைட்ரேட் என்னும் வெடியுப்பு, மணலியில் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 பெட்டகங்களில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு வெள்ளத்தில் கெட்டது போக, ஏறத்தாழ 700 டன் எஞ்சியது. ஆண்டுகள் ஐந்து உருண்டன. அதைச் சுற்றி வாழ்ந்த மக்களுள் எத்தனை பேர் அதனை அறிந்திருப்பர்? 2020 ஆகஸ்டு 4ஆம் நாள், லெபனான் நாட்டுப் பெய்ரூட் துறைமுகத்தில், அதே பொருள் 2,750 டன் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அங்கும் அது பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்த பொருளே. அச்செய்தி வந்த பின்னரே மணலிச் சரக்கு விரைந்து ஏலம் விடப்பட்டு, அதே மாதத்தில் ஐதராபாத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. கிடக்கும் பொருள் சும்மா கிடக்கின்றது என்று எண்ணலாகாது என்பதை இதைவிடத் தெளிவாக யார் நமக்கு உணர்த்த முடியும்?

நம் வீட்டில் வெடியுப்பு இல்லை. ஆனால் கொல்லைப்புறத்துப் பழைய டயரும், கவிழ்க்காத கொட்டாங்கச்சியும், உடைந்த குடமும் மழைநீரைத் தேக்கி, டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசுவை வளர்க்கின்றன. நாள் கடந்த மருந்து பிள்ளைகள் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கின்றது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் வந்தபோது, வடசென்னையின் தாழ்ந்த பகுதிகளில் தரைத்தளத்து வீடுகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். 2023இல் எண்ணூர்ப் பக்கத்து வீடுகளில் நீரோடு எண்ணெய்ப் படலமும் புகுந்தது. உடுத்தாமல் காத்த பட்டும், விருந்தினர்க்கென்று எடுத்துவைத்த மெத்தையும், படிக்காமல் அடுக்கிய நூல்களும் ஒரே இரவில் தெருக்குப்பையாயின. முன்பே கொடுத்திருந்தால் அவை எவருக்கேனும் பயன்பட்டிருக்கும். நமக்கும் உதவாமல், பிறர்க்கும் உதவாமல் போன பொருளே உண்மையில் இழந்த பொருள்.

இனி, விடுதல் எவ்வாறு என்று காண்போம். இருவகை நெறிகளை நம் பெரியோர் வாழ்ந்து காட்டினர். ஒன்று, ஒருங்கே விடுதல். நமக்குக் கிழக்கே திருவொற்றியூரில் கடற்கரையோரம் பட்டினத்தடிகளின் சமாதி இருக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர் அவர். வளர்ப்பு மகனாக வந்த மருதவாணர் விட்டுச்சென்ற பெட்டியில் இருந்தவை துளையில்லாத ஓர் ஊசியும் ஓர் ஓலையும். இறுதிப் பயணத்தில் இந்த ஊசிகூடத் துணைக்கு வாராது என்பது அதன் குறிப்பு. அக்கணமே அனைத்தையும் துறந்தார் அடிகள். அவ்வாறு ஒரு நொடியில் மனம் திரும்புதல் திருவருள் கைகூடினார்க்கே இயலும்.

அடிகள் துறந்த செல்வம் என்ன ஆயிற்று? அவருடைய கணக்கராக விளங்கியவர் சேந்தனார் என்பது வழிவழி வரும் வரலாறு. அடிகள் பணித்தவாறே அவர் கருவூலத்தைத் திறந்துவிட்டு, வேண்டுவோர் வேண்டியதை எடுத்துச்செல்லச் செய்தார். அதனால் அரசனின் சினத்துக்கு ஆளாகிச் சிறையும் புகுந்தார். விடுதலை பெற்றபின் விறகு வெட்டி விற்று, நாளும் ஓர் அடியவர்க்கு அமுதளித்து உண்ணும் எளிய இல்லறம் நடத்தினார். விறகு விற்காத மழைநாளில், வீட்டில் இருந்ததைக் கொண்டு அவர் களி சமைத்துப் படைத்ததை இறைவன் விரும்பி ஏற்றான். காலையில் நாம் உண்ட களி அந்த எளிய வீட்டின் நினைவேயன்றோ? பெருங்கருவூலத்தின் கணக்கை எழுதிய கை, அன்றன்றைய உணவோடு அமைந்தது. இல்லறத்தாராகிய நமக்கு வழிகாட்டி இவரே.

திருக்குறளில் துறவு என்னும் அதிகாரத்தின் முதற்குறளுக்கு உரையெழுதிய பரிமேலழகர், நமக்குப் பெரிதும் ஆறுதல் தரும் ஒரு கருத்தைக் கூறுகின்றார். எல்லாப் பொருளையும் ஒருசேர விடுதலே தலைமையானது. அஃது இயலாவிடில், ஒவ்வொன்றாக விட்டாலும் அந்த அளவுக்குத் துன்பம் நீங்கும் என்பது அது. பொருளைத் தேடுவதிலும் துன்பம், காப்பதிலும் துன்பம், இழப்பதிலும் துன்பம் என்று அவர் விரித்துரைக்கின்றார். ஒரு பொருளை விட்டால் இம்மூன்றும் அப்பொருளளவில் அற்றுப்போகின்றன. துறவிக்குச் சொன்ன அதிகாரத்தில் இல்லறத்தானும் நுழைய ஒரு சிறு கதவு திறந்திருக்கின்றது. அக்கதவின் பெயர் ‘ஒவ்வொன்றாக’ என்பது.

இந்நெறியை உடம்பால் செய்து காட்டியவர் அப்பர் பெருமான். அவருக்கு முன்னே அவருடைய தமக்கையார் திலகவதியார், திருவதிகைத் திருக்கோயிலில் நாள்தோறும் அலகிட்டு மெழுகி வந்தார். தம்பியாரைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றதும் அக்கைகளே. பின்னர் அப்பரடிகள் ஏந்தியது உழவாரப்படை. புல் ஒரு நாளில் முளைப்பதன்று. ஒரு நாளில் ஒழிவதுமன்று. இன்று செதுக்கிய இடத்தில் நாளை மறுபடியும் முளைக்கும். அது கண்டு அவர் சலித்தார் அல்லர். பல்லாயிரம் பாடல் பாடிய பெருமான், முதுமையிலும் அக்கருவியைக் கைவிடவில்லை.

திருப்புகலூரில் நிகழ்ந்ததைச் சேக்கிழார் பெருமான் பாடுகின்றார். அடிகள் உழவாரம் இட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் வெளிப்படுமாறு இறைவன் செய்தான். அடிகளுக்கோ அவை பருக்கைக் கற்களினின்றும் வேறாகத் தோன்றவில்லை. கல்லோடு கல்லாக உழவாரத்தால் ஏந்திக் குளத்தில் எறிந்துவிட்டார். இதை நாம் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். அவர் பொன்னை வெறுத்தார் அல்லர். வெறுப்பும் ஒரு பற்றே. அடியவர் நடக்கும் வழிக்கு இடையூறாக எது கிடந்தாலும் அகற்ற வேண்டும் என்னும் ஒரே நோக்கு அவர்க்கு இருந்தது. விலையைப் பாராமல் பயனைப் பார்த்தார். நம் வீட்டிலும் ஒரு பொருளை எடுத்துப் பார்க்கும்போது, இதை என்ன விலைக்கு வாங்கினோம் என்று கேட்டால் அதை விட மனம் வாராது. இது இங்கே யாருக்குப் பயன்படுகின்றது என்று கேட்டால் விடை உடனே கிடைக்கும்.

ஆகவே நாள்தோறும் அரை நாழிகை, அதாவது பன்னிரண்டு நிமிடம், இல்லத்து உழவாரத்துக்கு ஒதுக்குவோம். ஒருநாள் ஓர் இழுப்பறை. மறுநாள் அலமாரியில் ஒரு தட்டு. அதற்கு அடுத்த நாள் அடுக்களையில் மூடியில்லாத டப்பாக்களும் டப்பாவில்லாத மூடிகளும். பரண் முழுவதையும் ஒரே நாளில் இறக்கலாகாது. இறக்கியவர் களைத்துப்போய் அனைத்தையும் மறுபடி ஏற்றிவிடுவர். நாளொன்றுக்கு ஒரு பொருள் விட்டாலும், ஓராண்டில் 365 பொருள்கள் வெளியேறியிருக்கும். குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகியவற்றை நீர் புகாத ஒரே பையில் சேர்த்து உயரத்தில் வைத்துவிட்டால், மழைக்காலத்தில் எதைத் தேடுவது என்னும் கலக்கம் இராது.

பூசையறையையும் விலக்க வேண்டா. அங்கும் எத்தனை கோயில் விபூதிப் பொட்டலங்கள், எத்தனை ஆண்டுகளின் நாட்காட்டிப் படங்கள், எத்தனை திருவிழா அழைப்பிதழ்கள்! திருநீறு பொட்டலத்தில் இருப்பதற்கன்று, நெற்றியில் இருப்பதற்கு. எல்லாவற்றையும் ஒரு சம்படத்தில் கொட்டி நாளும் அணிந்து தீர்ப்போம். வாடிய மாலையைச் செடிக்கு எருவாக இடுவோம். கண்ணாடி உடைந்த படங்களைக் கோயில் அரசமரத்தடியில் கொண்டுவந்து சாய்த்துவிட்டுப் போகும் வழக்கம் பெருகிவிட்டது. நம் வீட்டுப் பாரத்தைக் கோயிலின் மேல் ஏற்றுவது வழிபாடாகாது. படம் ஒன்றானாலும் அதன்முன் தினமும் விளக்கு எரியட்டும்.

விடும் முறையிலும் அறம் வேண்டும். போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பது நாம் பெற்ற பழக்கமேயன்றிப் பெரியோர் வகுத்த மரபன்று. 2018ஆம் ஆண்டுப் போகியில் புகையும் பனியும் கலந்து, சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க இயலாமல் போயிற்று. ஆலைகளின் புகையோடு வாழும் நம் பகுதிக்கு நாமும் புகை சேர்க்கலாமா? எரிக்காமல் தெருவில் எறிந்தாலும் அது எங்கே போகும்? நகரின் வடபகுதிக் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொட்டப்பட்டு மலையாகியது நமக்குத் தென்கிழக்கே கொடுங்கையூரில்தான். தூர எறிந்தோம் என்கின்றோம். அடுத்த ஊரில் வாழ்வோர்க்கு அதுவே வாசல். ஆதலால் தாளையும் இரும்பையும் காயலான் கடைக்குத் தருவோம். உடுக்கத் தக்க துணியை நைந்துபோகும் முன்னர், படிக்கத் தக்க பாடநூலைப் பாடத்திட்டம் மாறும் முன்னர் கொடுப்போம். கிழிந்ததைக் கொடுப்பது கொடையன்று, கழிவு. பழைய சேலையைக் கொடுத்துவிட்டுத் தெருவில் வரும் பாத்திரக்காரரிடம் புதிய வாளி ஒன்றை வாங்கி, அதைப் பரணில் ஏற்றுவதும் விடுதல் ஆகாது!

இரண்டு எச்சரிக்கைகள். பிறருடைய பொருளை அவர் அறியாமல் எறியலாகாது. அவரவர் பற்றை அவரவரே அறுத்தல் வேண்டும். முதியவர் ஒருவர் பழைய பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தால், அதில் இருப்பது அவருடைய வாழ்க்கை என்று அறிந்து பொறுத்தல் கடன். அங்ஙனமே, இன்று விட்டால் நாளை வாங்க வழியில்லையே என்று அஞ்சிச் சேர்த்துவைக்கும் வறியவரைப் பழித்தலும் தகாது. அவருடைய அச்சத்தைப் போக்குவது, தேவைக்குமேல் வைத்திருக்கும் நம் கடமை. இவ்வேலையைப் பெண்கள் தலையில் கட்டிவிட்டு ஆடவர் ஒதுங்குவதும் முறையன்று. நாவுக்கரசர் கையிலிருந்த கருவி நம் கைக்கு இழிவாகுமோ?

அன்பர்களே! பாசம் மூன்று என்று சைவ சித்தாந்தம் கூறும். அவற்றுள் வேரூன்றியது ஆணவம். அது ‘நான்’ என்றும் ‘எனது’ என்றும் இரு முகம் காட்டும். ‘நான்’ என்பதைக் கையால் தொட இயலாது. ‘எனது’ என்பதைத் தொடலாம். அது நம் பீரோவில் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. பரணில் தூசி படிந்து கிடக்கின்றது. ஒவ்வொரு நாளும் ‘எனது’ என்பதில் ஒன்றை எடுத்து ‘உமது’ என்று பிறர் கையில் வைக்கும்போது, அந்த வேரின் ஒரு நார் அறுகின்றது. வேர் முழுவதையும் பறித்தல் அவனருளால் ஆவது. நாரை அறுத்தல் நம் கையில் இருக்கின்றது.

இன்று இல்லம் திரும்பியதும் ஒரே ஒரு பொருளை எடுத்து வைப்போம். நாளை அது வேறொரு வீட்டில் பயன்படட்டும். அது இருந்த இடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். திருச்சிற்றம்பலம் என்பதும் ஒரு வெளியே. ஆங்குத்தான் அவன் ஆடுகின்றான்.

சிவசிவ. திருச்சிற்றம்பலம்.