படித்தது மனத்தில் நிற்க



தேர்வு நெருங்கினால் பெற்றோர் எங்களிடம் கேட்பது இதுதான்: "வாத்தியாரே, பையனுக்குப் படித்தது நிற்கவில்லை. என்ன மருந்து வாங்கிக் கொடுக்கலாம்?"

நாங்கள் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "காலையில் பசியாறினானா?"

நீங்கள் இருட்டோடு பெரட்டுக்குப் போய்விடுகிறீர்கள். பிள்ளை வெறும் தேத்தண்ணீரோடு பள்ளிக்கு வருகிறது. மூளை உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்குதான். உடல் செலவிடும் சக்தியிலோ ஏறக்குறைய 20 பங்கு அதற்கே வேண்டும். பத்து மணிக்கு மேசையில் தலைசாய்த்த பிள்ளையைச் சோம்பேறி என்று நாங்களும் அதட்டியிருக்கிறோம். பசி என்று பிறகுதான் அறிந்தோம்.

இரும்புச் சத்து குறைந்தாலும் கவனம் சிதறும். மீன், நெத்திலி, பருப்பு, முருங்கைக்கீரை கொடுங்கள். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அச்சத்து உடம்பில் நன்கு சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணீர் குடித்தால் தடைபடும். ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள்.

வல்லாரை? மலாய்க்காரர் பெகாகா என்று பச்சையாகவே உண்ணும் நல்ல கீரை அது, துவையல் அரைக்கலாம். ஆனால், ஞாபகத்தை வளர்க்கும் என்பது இன்னும் உறுதியாக மெய்ப்பிக்கப்படவில்லை. புல்லுக்கு மருந்து அடித்த இடத்தில் மட்டும் அதைப் பறிக்காதீர்கள்.

நேரத்தோடு தூங்க விடுங்கள். படித்தது பதியத் தூக்கமும் வேண்டும்.

விலையுயர்ந்த மருந்துப் புட்டிக்குக் கொடுக்கும் வெள்ளியில் முட்டை வாங்குங்கள். வேலைக்குப் புறப்படுமுன் ஒன்றை அவித்து வைத்துவிட்டுப் போங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.